பாதித் தரிப்பிடம்

ஆல்டோவை வாங்க ஹொரணையிலிருந்து ஒருவர் வந்தார்.
பொனட்டைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார்.
ஏன் விற்கிறீர்கள் என்று மூன்று தரம் கேட்டார்.
எஞ்சினில் பிழையில்லை, பிழை எங்களில்தான் என்று
தவயோகன் சிங்களத்தில் பகிடி விட்டார்.
அவர் சிரிக்கவில்லை.
இருபதாயிரம் குறைத்தார்.

இரண்டாவது கார் அது. என்னுடையது என்று பெயர்.
வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டை ஆய்வுகூடம்
ஐந்து கிலோமீற்றர்,
அதில் பாதி நேரம் நிற்பது.
பெற்றோல் வரிசையில் அதற்குள்ளேயே சுருண்டு படுத்து
விடியக் கண்ட இரவுகள் இரண்டு.
கியூஆர் அட்டை இன்னும் கைப்பைக்குள் கிடக்கிறது,
மடிப்பில் நிறம் போய்.

புதியது மரப்பெட்டியில் வந்தது.
ஒருகொடவத்தையில் சுங்க அதிகாரி
படத்தையும் பொருளையும் மாறி மாறிப் பார்த்தார்.
மூன்று சில்லு. மிதி. தலைக்கு மேல் மூடிய கூடு.
மிதித்தால் மட்டும் கூட வரும் ஒரு சின்ன மோட்டர்.
சைக்கிள் என்றால் கதவு ஏன்?
கார் என்றால் எஞ்சின் எங்கே?
படகா என்று அவர் கேட்டது பகிடிக்கல்ல.
நாலு நாள், ஏழு கையொப்பம்.
கடைசியில் எந்தக் கட்டத்திலும் அடங்காமல்
‘ஏனையவை’ என்ற வரியில் வெளியே வந்தது.
இந்த நகரத்தில் அந்த வரி
எனக்குப் பழக்கமானதுதான்.

ஆக்கள் என்ன சொல்லுவினம் என்றார் தவயோகன்.
சொன்னார்கள்.
நூற்று நாற்பத்தொன்று பஸ் நடத்துநர்
கூரையில் தட்டி, முட்டை என்று பேர் வைத்தான்.
பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் இதில் வராதே என்றாள்
மகள் அபிநிலா, கெஞ்சலாக.
தரிப்பிடம் பதினேழில் இப்போது பாதிதான் நிரம்புகிறது.
மற்றப் பாதியை மூன்றாம் மாடி ஃபர்ஸானா
தன் கேக் அடுப்புக்குக் கேட்கிறார்.
முகாமைக் குழு கூடி யோசிக்கிறதாம்.

சித்திரையில் உள்ளே இட்லிச் சட்டி.
லொறிச் சில்லு என் காதுக்கு நேரே சுற்றும்போது
பயமில்லை என்று எழுதினால் பொய்.
ஆனால் கிருலப்பனைப் பாலத்தில் ஏறும்போது
முழங்கால் கேட்பதற்கு முன்பே
மோட்டர் ஒரு ‘ம்’ சொல்கிறது.
அந்த ஒரு ‘ம்’ போதும்.
நாற்பத்தாறு வயதில்
என் தொடைகள் எனக்கு அறிமுகமாகின்றன.
கூட்டுக்குள் கேட்பது என் மூச்சுத்தான்;
இத்தனை வருடமும் வானொலி
அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

ஐப்பசி மழை.
சந்தியில் கணுக்கால் அளவு தண்ணீர்.
எல்லோரும் நிற்க நானும் நின்றேன்.
பக்கத்தில், வைப்பர் அடித்தபடி, ஒரு சாம்பல் ஆல்டோ.
இலக்கத்தைப் பார்க்க முதல்
கதவில் இருந்த நெளிவைத்தான் பார்த்தேன்:
படலையில் நான் இடித்தது.
முன்னால் எல் போர்ட். ஸ்டியரிங்கை
ஏணியைப் பிடிப்பது போல் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை.
அருகே ஹொரணைக்காரர்.

கண்ணாடியை இறக்கினார்.
என்னைக் குனிந்து பார்த்தார்.
நனைந்த முட்டையை, கொடியை, மிதியில் என் செருப்பை
ஒவ்வொன்றாக.
பிறகு சிரித்தார்.
அன்றைய பகிடி
இன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தது போல
வயிறு குலுங்கச் சிரித்தார்.
எனக்கும் வந்துவிட்டது.

பச்சை விழுந்தது. பிள்ளை க்ளட்சை விட, கார் உதறி நின்றது.
பின்னால் அத்தனை ஹோர்னும் ஒன்றாய்.
இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,
மெதுவாகப் போடச் சொல்லுங்கள் என்று கத்தினேன்.
கேட்டதோ தெரியாது.
மிதித்தேன்.
கூரை இடது தோளில்
ஒழுகிக்கொண்டே வந்தது.